ஓடிவந்தவர்களுக்கு அனுப்பத் தார்ப்பாய்: எதை வாங்கலாம், எது தண்டம்

நீலத் தார்ப்பாயை வாங்கி அனுப்பாதீர்கள். இங்கே பர்மாவில், ரங்கூனில் எந்தக் கடைக்குப் போனாலும் வாசலில் அடுக்கி வைத்திருப்பது அதுதான், விலையும் குறைவு, வசூலான காசுக்கு நூறு வாங்கி நூறு குடும்பத்துக்குக் கொடுத்தோம் என்று போட்டோ எடுத்துப் போடவும் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு மழைக்காலம் தாங்காது.

நாங்கள் பெகு பக்கம், கோயில் அன்னதானக் கமிட்டி. நியாங்லேபினுக்குக் கிழக்கே மலையோரக் கிராமங்களிலிருந்து சண்டைக்குப் பயந்து இறங்கி வந்தவர்கள் பொங்கி மடங்களிலும் (புத்த பிக்குகளின் மடம்) ரப்பர் தோட்டங்களிலும் வயல் மேட்டிலும் தங்கியிருக்கிறார்கள். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இது பெருகி, அதற்கு முன்பே வந்தவர்களையும் சேர்த்து நாடு முழுக்க இப்படி ஊரை விட்டு வந்தவர்கள் 35 லட்சம் பேர் என்று 2025 தொடக்கத்தில் ஐ.நா. கணக்குச் சொன்னது. பெரிய நிறுவனங்களுக்குப் பல இடங்களுக்குப் போகவே பர்மிட் கிடைப்பதில்லை, அதனால் பொங்கி மடம், சர்ச், பள்ளிவாசல், கோயில் என்று உள்ளூர் ஆட்கள்தான் சாமான் கொண்டுபோகிறார்கள். எங்களில் பாதிப் பேர் 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது எல்லையில் இருக்கும் தமு வழியாக இந்தியாவுக்கு நடக்கக் கிளம்பி, முடியாமல் பாதியில் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள். வசூலுக்குப் போனால் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

அரிசி, எண்ணெய், உப்பில் எங்களை யாரும் ஏமாற்ற முடியாது, கமிட்டிப் பெண்கள் கையில் அள்ளிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். தார்ப்பாயில்தான் நன்கொடைக் காசு போகிறது. நாங்கள் வாங்கியது ரங்கூன் டவுனில் ஒரு மொத்தக் கடையில், பெயர் வேண்டாம். அங்கே மூன்று வகை இருந்தது: 12 அடிக்கு 18 அடி நீலம், அதே அளவில் கரும்பச்சை, அப்புறம் 4 மீட்டருக்கு 6 மீட்டர் வெள்ளை. இந்த வெள்ளை செஞ்சிலுவைக்காரர்கள் கொடுக்கிற மாதிரி என்று சொல்லி விற்கிறார்கள்.

"பாய், இது எவ்வளவு கனம்?" என்றால் "நல்ல கனம் தம்பி, எல்லா மடத்துக்கும் இதுதான் போகுது" என்கிறார் கடைக்காரப் பாய். ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று கேட்டால் கட்டின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தைக் காட்டுகிறார். அந்தக் காகிதத்தை நம்பாமல் தராசில் போடுங்கள், கணக்கு ரொம்பச் சுலபம். 12க்கு 18 அடி என்றால் 20 சதுர மீட்டர். நீலத்தின் காகிதத்தில் 120 என்று அச்சடித்திருந்தது, அப்படியானால் ஒன்றரை வீசை (பர்மா வீசை, ஏறக்குறைய 1.6 கிலோ) நிற்க வேண்டும். நின்றது ஒரு வீசை. அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம்தான். பச்சை இரண்டு வீசை, 160க்குக் குறையவில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தின் அசல் தார்ப்பாய் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிராம், முழுப்பாயும் மூன்று வீசைக்குப் பக்கத்தில் வரும். கடையில் இருந்த வெள்ளை அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் நின்றது, கனத்தில் பரவாயில்லை.

வெள்ளையில் கோளாறு வேறு. அசலில் உள்ளே இருக்கும் நெய்த்துணி கறுப்பு நூல், அதன் இரண்டு பக்கமும் வெள்ளைப் பூச்சு, அதனால் வெளிச்சம் ஊடுருவாது. கடைச் சரக்கைக் கடையிலேயே ட்யூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம், பின்னால் நின்ற பையன் விரலை எண்ணலாம் போலிருந்தது. இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். முன்பு வேறு யாரோ கொடுத்த இதே மாதிரிப் பாயில் குடியிருந்த மலைப்பக்கத்துக் கரேன் இனத்து அக்கா ஒருவர், ராத்திரி விளக்கு வைத்தால் துணி மாற்ற முடியவில்லை, நிழல் அப்படியே வெளியில் தெரிகிறது, இருட்டிலேயே எல்லாவற்றையும் செய்துகொள்கிறோம் என்று சொன்னார்.

நிறமும் உயிர்ப் பிரச்சினை. நீலமும் வெள்ளையும் மேலிருந்து பளிச்சென்று தெரியும் என்பது அங்கே தங்கியிருப்பவர்களின் பயம். விமானம் போதாதென்று இப்போது பாராமோட்டாரில் (மோட்டார் கட்டிய பாராசூட்) வந்தும் ராணுவத்தார் குண்டு போடுகிறார்கள். அதனால் நாம் ஆசையாக வாங்கிக் கொடுத்த புதுப் பாய் மேல் சேற்றைப் பூசி, மரக்கிளையையும் இலையையும் வெட்டிப் பரப்பி வைத்திருக்கிறார்கள். இலை போட்டால் உள்ளே சூடு குறைகிறது என்பது கூடுதல் லாபம், பங்குனி சித்திரையில் வெறும் பாய்க்குக் கீழே மத்தியானம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

பச்சை இந்த விஷயத்தில் நல்லது, ரோட்டில்தான் வம்பு. சாப்பாடு, பணம், தகவல், ஆள் இந்த நான்கையும் எதிராளிக்குப் போகாமல் வெட்டுவது 1960களிலிருந்து இங்கே ராணுவத்தின் வழக்கம், இன்றைக்கும் ஒரு மூட்டை அரிசியே ரோட்டுச் சோதனைச் சாவடியில் சந்தேகப் பொருள்தான். கட்டுக்கட்டாகக் கரும்பச்சைப் பாய் என்றால் கேட்க வேண்டுமா? லாரிக்காரர் நிறத்தைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார். மடத்துப் பெரிய பொங்கியின் கடிதம் கையில் இருந்ததால் ஏற்றினார், வழியில் பிரித்துப் பார்த்துவிட்டு விட்டார்கள். பழுப்பு நிறம் கிடைத்தால் அதுவே எல்லாவற்றிலும் மேல். கடையில் இல்லை, மொத்தமாகச் சொன்னால் வரவழைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

ஓரத்தை விரித்துப் பாருங்கள். கயிறு கோக்கும் வளையம் நீலத்தில் இரும்புத் தகடு, முதல் மழையிலேயே துருப்பிடித்து, காற்று இழுத்தால் வளையம் கயிற்றோடு வந்துவிடும், பாய் போய்விடும். பச்சையில் அலுமினியம், மடிப்புக்குள் கயிறும் வைத்துத் தைத்திருக்கிறார்கள். வளையம் பிய்ந்தால் அந்தப் பாயைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒரு கூழாங்கல்லை மூலையில் வைத்துப் பாயைச் சுற்றி, கல்லின் கழுத்தில் கயிற்றை இறுக்கிவிட்டால் வளையத்தைவிட உறுதியாக நிற்கும். இதை அங்கே இருக்கிற சின்னப் பிள்ளைகள்கூடச் செய்கிறார்கள். வெயிலில் உதிர்வதற்கு மட்டும் வைத்தியம் கிடையாது. நீலம் ஒரு கோடையில் விறைத்து, தொட்டால் செதில் செதிலாக விழுகிறது, அந்தத் துணுக்கெல்லாம் சோற்றுப் பானையில்.

விலையென்று பார்த்தால் பச்சை நீலத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு மாந்தலே, சகாயிங் பக்கம் எல்லாரும் தார்ப்பாயைத் தேட, விலை ஏறியது ஏறியதுதான். இதை வைத்துக் கமிட்டியில் பெரிய தகராறு. நூறு குடும்பத்துக்கு ஆளுக்கொன்று என்று பெரியவர்கள் ஒரு பக்கம். நான் எதிர்ப்பக்கம், இப்போதும் அதே பக்கம்தான். நிவாரண வேலை செய்கிறவர்கள் வைத்திருக்கும் ஸ்பியர் கையேட்டின்படி ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் கூரையுள்ள இடம் வேண்டும், ஐந்து பேருக்கு 17.5. இருபது சதுர மீட்டர் பாயை மூங்கிலில் இரண்டு பக்கமும் சரித்துக் கட்டினால் கீழே கிடைக்கிற தரை அதைவிடக் குறைந்துவிடும், சாரலுக்குப் பக்கத்தை மூட எதுவும் மிஞ்சாது. செஞ்சிலுவைக்காரர்கள் தங்கள் கூரை போடும் சாமான் பெட்டியில் குடும்பத்துக்கு இரண்டு பாய் வைப்பது சும்மா இல்லை. கொஞ்சம் குடும்பத்துக்குக் கொடுத்தாலும் நல்ல பாயாக இரண்டு கொடுங்கள், மீதிக் குடும்பங்களை அடுத்த வசூலில் பார்க்கலாம். சங்கடமான முடிவுதான், விடுபட்டவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதும் நாம்தான். ஆனால் ஆடியில் ஒழுகுகிற பாயைக் கொடுத்துவிட்டு வந்தால் அந்தக் கணக்கில் நூறு குடும்பமும் சேராது.

கடையைப் பற்றி. ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன், காகிதத்தில் இருக்கிற எண்ணை அவரும் எங்கேயோ நம்பித்தான் வாங்கியிருக்கிறார், தராசில் போட்டுக் காட்டியதும் நீலத்தை மறு பேச்சில்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டார். எதற்கு வாங்குகிறோம் என்று தெரிந்ததும் கட்டுக்கூலி வாங்கவில்லை, ஒரு கட்டுத் தன் கணக்கில் சேர்த்துப் போட்டார். பச்சைக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். கயிறு மட்டும் அங்கே வாங்காதீர்கள், முடிச்சுப் போட்டால் வழுக்கிக்கொண்டு அவிழ்கிற பிளாஸ்டிக் கயிறுதான் இருக்கிறது. மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் சுண்டுவிரல் கனத்து நைலான் கயிறு கிடைக்கும், ஒரு பாய்க்கு முப்பது அடியாவது வெட்டி, நுனியை நெருப்பில் காட்டி உருக்கி, பாயோடு சேர்த்தே கட்டி அனுப்புங்கள். தனி மூட்டையாகப் போனால் வழியில் காணாமல் போகிற முதல் சாமான் அதுதான்.