ஐந்தாவது தொகுதியில் இரண்டு கைகள்

ஹாரி பாட்டரின் பெரிய அளவுப் படப்பதிப்பை, அதாவது ஜிம் கே வரையத் தொடங்கிய செட்டை, வாங்கலாமா என்று ஒரு நண்பர் அண்மையில் கேட்டார். உடனே பதில் சொல்ல முடியவில்லை. இந்த செட்டை முதல் தொகுதி வந்த காலத்திலிருந்தே வைத்திருக்கிறேன். அலங்காரத்துக்கு அல்ல, எடுத்து எடுத்துப் படிக்கிறேன். தாள், அச்சு, கெட்டி அட்டை, எடை பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஐந்தாவது தொகுதியைப் பற்றித்தான்.

முதல் மூன்று தொகுதிகளும் 2015, 2016, 2017 என்று ஆண்டுக்கு ஒன்றாக வந்தன. நான்காவது 2019இல் வந்தது. ஐந்தாவதற்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வந்தபோது அட்டையில் இரண்டு பெயர்கள் இருந்தன: ஜிம் கே, நீல் பேக்கர். அதன் பிறகு ஜிம் கே தொடரிலிருந்து விலகிவிட்டார். கதை ஏழு பாகம். ஆக, செட்டின் நடுவில் ஓவியர் மாறினார் என்பதோடு போகவில்லை. ஒரு புத்தகத்தின் நடுவிலேயே மாறினார்.

ஏன் இவ்வளவு தாமதம் என்று கோபப்படுவதற்கு முன் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். படமில்லாத பழைய பிரிட்டிஷ் பதிப்பில் முதல் பாகம் 223 பக்கம். ஐந்தாவது 766 பக்கம். படப்பதிப்பில் கதையைச் சுருக்கவில்லை, முழு எழுத்தும் இருக்கிறது. அப்படியென்றால் எழுத்து மூன்று மடங்குக்கு மேல் பெருகும்போது படமும் அதற்கேற்பப் பெருக வேண்டும். முதல் தொகுதியிலேயே 100க்கும் மேற்பட்ட படங்கள். ஐந்தாவதில் 160க்கும் மேல். ஒரு மனிதர் கையால் வரைந்து வண்ணம் தீட்டுகிறார். ஆண்டுக்கு ஒன்று என்று யார் திட்டம் போட்டாலும் அது ஒருவருக்கான வேலை அல்ல. ஜிம் கே மீது எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. அவர் கொடுத்ததே அதிகம்.

எவ்வளவு கொடுத்தார் என்பதற்கு முதல் தொகுதியில் ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். டிராகன் முட்டைகளை வரிசையாக வைத்து வரைந்திருப்பார், பழைய இயற்கை வரலாற்று நூல்களில் பறவை முட்டைகளைப் போட்டிருப்பார்களே, அந்த முறையில். ஒவ்வொரு முட்டையின் ஓடும் வேறு வேறு மாதிரி. விரல் வைத்தால் சொரசொரப்புத் தட்டுப்படும் என்றே தோன்றும். கதைக்கு வேண்டியது ஒரே ஒரு முட்டைதான், ஹாக்ரிட் ஒளித்து வைத்திருப்பது. மற்றதெல்லாம் அந்த உலகத்தில் இன்னும் நிறைய இருக்கிறது என்று காட்டுவதற்காக வரைந்தவை. படமே இல்லாத பக்கங்களில்கூட வண்ணத் தெறிப்பும் மைக்கறையும் இருக்கும். அந்தக் கறைகளுக்கு நடுவே எழுத்து ஓடும். யாரோ கதையில் வரும் மந்திரப் பள்ளியான ஹாக்வார்ட்ஸிலேயே வைத்துப் படித்த புத்தகம் நம் கைக்கு வந்தது போல ஒரு பழக்கம் அதில் ஏறியிருக்கும். கருப்பு வெள்ளை மையில் வரைந்த வேறொரு புத்தகத்துக்காக 2012இல், சிறுவர் நூல் ஓவியத்துக்கான கேட் கிரீனவே பதக்கம் வாங்கியவர் அவர். அந்த இருட்டும் ஈரமும் இந்த வண்ணப் படங்களுக்கு அடியிலும் இருக்கின்றன.

நான்கு தொகுதிகள் இந்த உலகத்திலேயே இருந்துவிட்டு ஐந்தாவதைத் திறக்கிறோம். நீல் பேக்கரின் கை முற்றிலும் வேறு. கோடு தெளிவாக இருக்கும். உருவங்களில் ஒரு வடிவமைப்பு இருக்கும். பக்கத்தை எப்படிப் பிரிப்பது என்று யோசித்து அமைத்திருப்பார். ஜிம் கே வண்ணத்தின் மேல் வண்ணம் ஏற்றி ஏற்றி ஆழம் கொண்டுவருகிறார் என்றால், பேக்கர் கோட்டாலேயே அதைச் செய்கிறார். மோசமான ஓவியர் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். தனியாக ஒரு புத்தகம் முழுக்க அவர் வரைந்து வந்திருந்தால் ஆசையோடு வாங்கியிருப்பேன்.

ஆனால் இங்கே என்ன நடக்கிறது என்று கேளுங்கள். கதையில் மூழ்கிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தைத் திருப்புகிறேன், ஒரு படம் வருகிறது. அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், யார் வரைந்தது என்று கண் பார்த்துவிடுகிறது. இவரா, அவரா? அது தெரிந்த பிறகுதான் படத்துக்குள் போகிறேன். அதற்குள் கதை ஓரடி தள்ளிப் போய்விடுகிறது. ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் சரி. ஒவ்வொரு படத்துக்கும் இதே கதை. திரும்பப் படிக்கும்போதாவது பழகிவிடும் என்று நினைத்தேன், பழகவில்லை. எனக்கு இந்த செட்டில் உள்ள ஒரே குறை இதுதான், ஆனால் அது தீராத குறை.

தொலைக்காட்சித் தொடரில் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு அட்டை போடுவார்களே, அதற்குப் பிறகு சில நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகிவிடுவோம். பழையவர் திரும்ப வரமாட்டார் என்பதால்தான் அது முடிகிறது. இங்கே பழையவரும் போகவில்லை, புதியவரும் வந்துவிட்டார். இரண்டு பேரும் மாறி மாறி வருகிறார்கள்.

ஓவியர் நடுவில் மாறுவது இன்று நேற்று வந்த சிக்கல் இல்லை. சார்லஸ் டிக்கன்ஸின் பிக்விக் பேப்பர்ஸ் 1836இல் மாதப் பகுதிகளாக வரத் தொடங்கியபோது படம் வரைந்தவர் ராபர்ட் சீமோர். முதல் பகுதி மட்டுமே வந்திருந்த நிலையில், அந்த ஏப்ரலில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்து வந்த ராபர்ட் பஸ்ஸின் படங்கள் பிடிக்காமல் போனதால் அவரை நீக்கிவிட்டார்கள். மூன்றாவதாக வந்தவர்தான் 'ஃபிஸ்' என்ற பெயரில் புகழ்பெற்ற ஹேப்லட் நைட் பிரௌன். அவர் செய்த நல்ல காரியம் என்னவென்றால், சீமோர் கொடுத்திருந்த பிக்விக்கை, அந்தத் தொப்பை, மூக்குக் கண்ணாடி எல்லாவற்றோடும் அப்படியே எடுத்துக்கொண்டு மேலே நடந்தார். பஸ்ஸின் இரண்டு படங்களையும் பின்னால் வந்த அச்சுகளில் எடுத்துவிட்டு ஃபிஸ்ஸின் படங்களைப் போட்டார்கள். பஸ்ஸை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாசகருக்கு நடந்தது என்ன? ஒட்டுப் போட்ட இடம் தெரியாத ஒரு புத்தகம் கிடைத்தது.

அமெரிக்கச் சிறுவர் தொடரான ஓஸ் கதைகளில் நேர்மாறு. 1900இல் வந்த முதல் புத்தகத்துக்கு வரைந்தவர் டென்ஸ்லோ. எழுத்தாளர் பாமுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை, பிரிந்துவிட்டார்கள். 1904இல் இரண்டாவது புத்தகத்திலிருந்து ஜான் நீல் வரைந்தார், பாம் எழுதிய மீதி அத்தனைக்கும் அவரே. கதாநாயகி டோரத்தி, டென்ஸ்லோவின் கையில் இரட்டைச் சடை போட்ட குண்டுக் குழந்தை. நீலின் டோரத்தி குட்டை முடி வைத்த ஒல்லிப் பெண். முகமே மாறிவிட்டது! ஆனாலும் அந்த செட் நிற்கிறது. ஏன் என்றால், ஒரு புத்தகத்தோடு ஒருவர் முடிந்தார், அடுத்ததிலிருந்து இன்னொருவர் தொடங்கிக் கடைசிவரை போனார். எல்லை எங்கே என்று தெரிகிறது. தெரிந்த எல்லையைக் கண் ஏற்றுக்கொள்கிறது.

காமிக்ஸ் படிப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். ஆஸ்டெரிக்ஸில் 34 ஆல்பங்கள் உடெர்சோவின் கை. 2013இலிருந்து தீதியே கான்ராட். லக்கி லூக்கை மோரிஸ் 2001இல் மறைந்த பிறகு அஷ்டே வரைகிறார். இரண்டு பேருமே பழைய ஆசிரியரின் கோட்டை அடியொற்றித்தான் போகிறார்கள். காமிக்ஸில் அதுதான் எதிர்பார்ப்பு. கதை வண்டி ஓடுவதே படத்தில்தான் என்பதால் அங்கே கோடு மாறினால் எல்லாமே மாறிவிடும். எர்ஜே மட்டும் தனக்குப் பிறகு டின்டினை யாரும் வரையக் கூடாது என்று நினைத்தார். அவர் 1983இல் மறைந்தார். முடிக்காமல் விட்ட கடைசிக் கதை 1986இல் வெறும் பென்சில் கிறுக்கல்களாகவே வெளிவந்தது. சேகரிப்பவர்களில் ஒரு சாரார் இதுதான் நேர்மை என்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. பாதியில் நிற்கும் செட்டை விட, வேறு கையால் முடிந்த செட் மேல்.

பொன்னியின் செல்வனுக்கு 1950 முதல் 1954 வரை மணியம் வரைந்தார். அதே கதை பின்னால் மறுபடியும் தொடராக வந்தபோது வேறு ஓவியர்கள் வரைந்தார்கள். அதற்காக யாரும் மனம் உடைந்துபோகவில்லை. முதல் அத்தியாயத்திலிருந்து கதை புதிதாகத் தொடங்குகிறது, புதுக் கண்ணோடு நாமும் உட்காருகிறோம். வாதம் செய்வோம், மணியத்தின் வந்தியத்தேவன் போல வருமா என்போம். ஆனால் அது ஒப்பீடு, இடறல் இல்லை.

இனி நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐந்தாவது தொகுதி தந்த எரிச்சலில் மறுபடியும் முதல் தொகுதியை எடுத்தேன். முன்பு கவனிக்காத எத்தனையோ விஷயங்கள் கண்ணில் பட்டன. ஜிம் கே ஒளியை எங்கே வைக்கிறார், எதை வேண்டுமென்றே இருட்டில் விடுகிறார், ஒரு கட்டடத்தின் கூரையை ஏன் அப்படிக் கோணலாக்குகிறார் என்பதெல்லாம் அதற்கு முன் எனக்குத் தெரியாது. அதுவரை அந்தப் படங்கள் ஹாக்வார்ட்ஸாகவே இருந்தன. பேக்கரைப் பார்த்த பிறகுதான் அது ஒருவர் கண்டுபிடித்த ஹாக்வார்ட்ஸ் என்று புரிந்தது. அதே போல ஜிம் கேயின் அடர்த்தியான பக்கங்களுக்கு நடுவில் பேக்கரின் தெளிவான கோடு வரும்போது, நீளமான அந்தக் கதைக்கு ஒரு மூச்சு விடும் இடம் கிடைக்கிறது. ஐந்தாம் பாகம் முழுக்கக் கோபமும் புழுக்கமும் நிறைந்த கதை. எல்லாப் பக்கமும் ஒரே இருட்டாக இருந்திருந்தால் திணறியிருக்கும் என்றுகூட நினைக்கிறேன். படங்களை எப்படிப் பார்ப்பது என்று இந்த செட்டில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது, எனக்கு அதிகம் எரிச்சல் தந்த அதே தொகுதிதான்.

இதே கதைக்கு மடிப்புகளும் திறப்புகளும் வைத்த இன்னொரு பதிப்பு இருக்கிறது. அதில் முதல் இரண்டும் 2020, 2021இல் மினாலிமா என்ற வடிவமைப்பு நிறுவனம் செய்தவை. மூன்றாவதை 2023இல் கார்ல் ஜேம்ஸ் மவுண்ட்ஃபோர்ட் வரைந்தார். அங்கேயும் நடுவில் மாற்றம், ஆனால் தொகுதி எல்லையில் நடந்த மாற்றம். கடிதத்தைப் பிரிப்பது, தெருவை விரிப்பது என்று கை வேலை முன்னால் நிற்பதால், கோடு மாறியது அவ்வளவு உறுத்தவில்லை. எனக்கு அந்தப் பதிப்பு படிப்பதற்கு ஆகாது, விரித்துப் பார்ப்பதற்குத்தான். அதனால் இந்த செட்டுக்கு அது மாற்று இல்லை.

நான் எதிர்பார்ப்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. நீளமான தொடரை ஒரே ஓவியர் முடிப்பது கடினம் என்பது தொடங்கும்போதே தெரியும். ஒன்று, முதல் தொகுதி வருவதற்கு முன்பே போதிய அவகாசம் கொடுத்துவிட வேண்டும், வாசகர்கள் காத்திருப்பார்கள். இல்லையென்றால் மாற்றத்தைத் தொகுதி எல்லையில் வைக்க வேண்டும். அதுவும் முடியாமல் ஒரே புத்தகத்தில் இருவர் வரையத்தான் வேண்டும் என்றால் வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம்: முழுப்பக்க வண்ணப் படங்கள் ஒருவருக்கு, அத்தியாயத் தலைப்புக் கோட்டோவியங்கள் இன்னொருவருக்கு. அப்போது இரண்டு கைக்கும் இரண்டு வேலை, கண் தேட வேண்டியதில்லை.

சரி, வாங்கலாமா? முதல் நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். அதிலும் முதலாவதையும் மூன்றாவதையும் தவறவிடாதீர்கள். ஐந்தாவது வேண்டாம். அதைப் பற்றி மேலே இத்தனை நல்லது சொல்லிவிட்டு வேண்டாம் என்கிறேன் என்றால், அந்த நல்லதெல்லாம் படங்களை ஆராய உட்காருகிறவர்களுக்கு. கதை படிக்க உட்காருகிறவருக்கு, குறிப்பாக முதல்முறை படிக்கும் பிள்ளைக்கு, ஐந்தாம் பாகத்தைப் படமில்லாத பதிப்பில் கொடுங்கள். நான்கு தொகுதிகளில் பார்த்த உலகத்தை வைத்து மீதியை அந்தப் பிள்ளையே மனதில் வரைந்துகொள்ளும். என் ஐந்தாவது தொகுதியைக் கேட்டால் கொடுக்க மாட்டேன், அது வேறு. ஆறாவது என்று ஒன்று ஒரே ஓவியர் கையில் முழுதாக வந்தால், அவர் யாராக இருந்தாலும் வாங்குவேன். அதிலும் இரண்டு பெயர் இருந்தால் வாங்க மாட்டேன்.