எண்ணெய் விட்டுக் கெடுத்த ஏர் ரைபிளும் தர்மபுரி ரிப்பேர் கடையும்

மகள் பத்து மீட்டர் துப்பாக்கி சுடுதல் பழகுகிறாள். பழசாக வாங்கிய ஸ்பிரிங் ஏர் ரைபிள். போன மாதம் திடீரென்று வேட்டுப் போட்ட மாதிரி சத்தம், பேரல் வாயில் புகை, தீய்ந்த எண்ணெய் வாசனை. "பவர் ஏறியிருக்கு" என்று வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். குண்டோ குறி அட்டையில் ஒன்று மேலே, ஒன்று கீழே.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சின்னக் கடை. தையல் மெஷின்தான் முக்கிய வேலை, ஏர் கன்னும் பார்ப்பார்கள். கடைக்காரர் பேரலை மோந்து பார்த்துவிட்டு, "யார் டீச்சர் எண்ணெய் விட்டது?" என்றார். வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்தார்.

இயற்பியல் டீச்சரான எனக்கே உறைக்கவில்லை என்பதுதான் வெட்கம். சுடும்போது ஸ்பிரிங் தள்ள, பிஸ்டன் பாய்ந்து காற்றை நொடியில் நசுக்குகிறது. வெப்பம் வெளியேற நேரமில்லை, காற்று கொதிக்கிறது. பிளஸ் ஒன்னில் நான் நடத்தும் வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு. அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்கிறது, டீசல் எஞ்சினில் நடப்பதுபோல. நிஜத் துப்பாக்கியில் வெடிமருந்து எரிந்து வாயுவாகிக் குண்டைத் தள்ளும். ஆனால் அங்கே மருந்தை நிறுத்துப் போடுகிறார்கள்; துகளின் அளவும் வடிவமும்கூட எரியும் வேகத்தைத் தீர்மானிக்கும். இங்கே ஒவ்வொரு தடவையும் எவ்வளவு எண்ணெய் எரிந்தது என்று யாருக்குத் தெரியும்? குண்டு அலையாமல் என்ன செய்யும்?

பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் நுனியில் காற்று கசியாமல் அடைக்கும் வாஷர் கருகி, ஸ்பிரிங் ஒரு சுற்று உடைந்திருந்தது. இரண்டையும் மாற்றினார். "இன்னும் கெட்டியான ஸ்பிரிங் போடுங்க" என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு அசையவே இல்லை. "பத்து மீட்டருக்கு வேகம் எதுக்குங்க சார்? பத்து குண்டும் ஒரே மாதிரி போகணும்." நியாயம்தான். ரைபிள் அட்டையில் பத்துப் புள்ளி வாங்கித் தரும் பொட்டு அரை மில்லிமீட்டர். குண்டு போடாமல் வெறுமனே சுடக் கூடாது என்றும் சொன்னார்: முன்னால் குண்டு அடைத்திருந்தால்தான் காற்று மெத்தைபோல நின்று பிஸ்டனைத் தாங்கும், இல்லாவிட்டால் நேராகப் போய் இடிக்கும்.

குறையும் உண்டு. இரண்டு நாள் என்றவர் ஒன்பது நாள் இழுத்தடித்தார், போனையும் எடுப்பதில்லை. 850 ரூபாய்க்கு ரசீது கேட்டால் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுக்கிறார். ஆனால் உடைந்த ஸ்பிரிங்கையும் கருகிய வாஷரையும் பொட்டலம் கட்டிக் கையில் தந்தார். வாஷரை வகுப்புக்குக் கொண்டுபோகப் போகிறேன். எண்ணெய்க் குப்பி இப்போது என் பீரோவில்.