பிறவிக் குடல் குறை: எனிமாவா, சென்னாவா, அறுவைச் சிகிச்சையா?

ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒன்று ஆசனவாய் இல்லாமலோ, அது இடம் மாறியோ பிறக்கிறது. அறுவைச் சிகிச்சையில் பாதையை அமைத்துவிடலாம். ஆனால் மலத்தை அடக்கும் திறன் எல்லாருக்கும் வருவதில்லை. முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்த பிள்ளைகள் பலருக்கும் இதே நிலைதான். "வளர வளர சரியாகிடும்" என்று காத்திருந்தே பள்ளி வயது வந்துவிடுகிறது. அந்த வயதுக்குள் உள்ளாடை சுத்தமாக இருந்தாக வேண்டும். அதை வைத்தே எனிமா, சென்னா, அறுவைச் சிகிச்சை ஆகியவற்றை ஒப்பிடுகிறேன்.

சென்னா மருந்து பெருங்குடலைச் சுருங்க வைத்து, தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மலத்தை வெளியேற்றும். குழாய் வேண்டாம் என்பதால் பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். மலம் வருவதை உணர்ந்து, ஓரளவு அடக்கவும் முடிகிற, மலச்சிக்கல் உள்ள பிள்ளைக்கு இது நல்ல வழி. அடக்கவே முடியாத பிள்ளைக்குக் கொடுத்தால் கசிவுதான் கூடும்.

அப்படிப்பட்ட பிள்ளைக்கு என் தேர்வு தினசரி எனிமா. உப்புக் கரைசலும் தேவைப்பட்டால் கிளிசரினும் பெருங்குடலைக் காலி செய்யும். அடுத்த எனிமா வரை கசிய எதுவும் இருக்காது. குழந்தை அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் ஆல்பெர்டோ பெனா, மார்க் லெவிட் ஆகியோர் பரப்பிய ஒரு வாரத் திட்டத்தில், தினமும் வயிற்றை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து அளவை மாற்றுவார்கள். எக்ஸ்ரே இங்கே மிக முக்கியம். தேங்கிய மலத்தைச் சுற்றி நீர்த்து வழிவதைப் பேதி என்று நினைத்து மருந்தை நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. மாறாக, குடலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டதால் அடிக்கடி இளகிப் போகும் பிள்ளைக்குச் சிறிய எனிமாவோடு உணவுக் கட்டுப்பாடும் குடல் அசைவை மெதுவாக்கும் லோபரமைடு மருந்தும் வேண்டியிருக்கும்.

எனிமாவின் சுமை நேரம்தான். தினமும் முக்கால் மணி நேரம் போலக் கழிவறையில் உட்கார வேண்டும். குத்துக்கால் கழிவறையில் அது நடக்காது, காலுக்கு முக்காலி வைத்த வெஸ்டர்ன் டாய்லெட் தேவை. கடையில் கிடைக்கும் பாஸ்பேட் எனிமாவைச் சிறு பிள்ளைகளுக்கு நீங்களாகவே கொடுக்காதீர்கள். ரத்தத்தில் உப்புகளின் அளவு ஆபத்தாக மாறலாம். முதுகுத்தண்டுப் பிளவு உள்ளவர்களுக்கு லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை வரலாம் என்பதால், அது இல்லாத குழாயே வேண்டும்.

1990-ல் மலோன் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் விவரித்த அறுவைச் சிகிச்சையில், குடல்வாலை வயிற்றுத் தோலோடு இணைத்து அதன் வழியே மேலிருந்து எனிமா விடுவார்கள். அம்மா குழாய் வைப்பதற்குக் கூச்சப்படும் வயதில், பிள்ளை தானே செய்துகொள்ள முடிவது பெரிய விடுதலை. துளை சுருங்கிப்போவதும் கசிவதும் உண்டு. கீழிருந்து விட்ட எனிமா பலன் தந்த பிறகே இதற்குச் சம்மதியுங்கள். இதில் மாறுவது வழி மட்டும்தான்.

ஆசனவாய்த் தசையின் அசைவைக் கருவியில் பார்த்தபடியே அதைக் கட்டுப்படுத்தப் பழகும் பயோஃபீட்பேக் பயிற்சி, தசையும் உணர்வும் இருக்கிற, சொன்னதைச் செய்யத் தெரிந்த வயதுப் பிள்ளைக்கு மட்டுமே உதவும்.

எனிமாவில் சுத்தமாக இருக்கும் பிள்ளைக்கு உணர்வும் இருந்தால், கோடை விடுமுறையில் மருத்துவர் மேற்பார்வையில் சென்னாவை முயன்று பார்க்கலாம். கசிந்தால் பள்ளி திறப்பதற்குள் எனிமாவுக்கே திரும்பிவிடலாம்.