ஆர்.வி. பின்னால் கார் இழுக்கப் பொருத்தித் தரும் பட்டறைகள்: பணம் கட்டும் முன் குனிந்து பாருங்கள்

அமெரிக்காவில் வீடாகவே கட்டிய மோட்டார்ஹோம் வண்டியில் (ஆர்.வி.) குடியிருந்து ஊர் ஊராகப் போகிறவர்களும், அப்படிக் கிளம்பத் தயாராகிறவர்களும் பட்டறைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நாலு சக்கரமும் தரையில் உருளக் காரைப் பின்னால் இழுத்துப் போவதற்கான முழு வேலையையும் ஓர் ஆர்.வி. பட்டறையிடம் கொடுத்தோம். கார் ஜீப் ராங்லர், இழுப்பதற்கு ஏற்ற கார்தான். வேலையில் வந்தது இது: மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு பில்லில் இருந்தது, காரில் இல்லை. கார் கழன்றால் பிரேக்கை இயக்க வேண்டிய அவசரக் கயிறு தவறான இடத்தில் மாட்டியிருந்தது. ஆர்.வி. நிற்கும்போது காரின் பிரேக்கையும் அழுத்தும் கருவி, போகும் வழியெல்லாம் பெடலை லேசாக அழுத்திக்கொண்டே வந்தது. ஆர்.வி.யின் பின்னால் உள்ள இழுவை இணைப்பான ஹிட்சின் உயரமும் காரின் இணைப்பு உயரமும் ஒத்துப்போகவில்லை. கேட்டபோது, "எல்லா வண்டிக்கும் இப்படித்தான் கட்டுகிறோம்" என்று பதில் வந்தது. அந்தப் பதில்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். அந்தப் பட்டறை வாசலிலிருந்து மற்ற குடும்பங்களும் இதே நிலையில்தான் நெடுஞ்சாலை ஏறியிருக்கின்றன.

முதலில் அந்த அவசரக் கயிறு. காரின் முகப்பில் ஒரு சுவிட்ச் இருக்கும், அதன் ஊசியிலிருந்து மெல்லிய இரும்புக் கயிறு வரும். கார் கழன்றுபோனால் கயிறு ஊசியைப் பிடுங்கும், உடனே காருக்குள் இருக்கும் கருவி பிரேக்கை அழுத்தும். கயிற்றின் மறுமுனை ஆர்.வி.யின் சட்டத்திலோ ஹிட்சில் பற்றவைத்திருக்கும் வளையத்திலோ மாட்ட வேண்டும். எங்கள் காரில் அதை, காரையும் ஆர்.வி.யையும் இணைக்கும் கம்பியான டோ பாரிலேயே மாட்டியிருந்தார்கள். காரின் முன்பக்கச் சட்டத்தில் பொருத்தும் பேஸ் பிளேட் பக்கம் இணைப்பு முளை கழன்றால் டோ பார் ஆர்.வி.யோடு நின்றுவிடும், கயிறு இழுபடும், பிரேக் பிடிக்கும். ஆனால் ஹிட்ச் பக்கம் முளை கழன்றால்? டோ பார், கயிறு, கார் மூன்றும் ஒன்றாகக் கழன்று போகும். கயிற்றை இழுக்க எதிர்முனையில் எதுவும் இருக்காது. இந்தத் தவறைச் சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். ஆனால் குனிந்து பார்க்காதவரை தெரியவே தெரியாது.

பாதுகாப்புக் கேபிள் இரண்டும் டோ பாருக்கு அடியில் குறுக்காகப் போக வேண்டும். இடப்பக்கக் கேபிள் வலப்பக்கம், வலப்பக்கக் கேபிள் இடப்பக்கம். முழுத் திருப்பத்தில் இழுபடாத அளவு தளர்வு வேண்டும், தரையில் உரசும் அளவு கூடாது.

அடுத்தது ஒயரிங். ஆர்.வி.யின் விளக்கு மின்சாரம் காரின் பின்விளக்குக்குப் போகும்போது, அது காரின் சொந்த ஒயரிங் வழியே பின்னோக்கி ஓடக் கூடாது. ஓடினால் இன்றைய கார்களில் விளக்குகளை ஆளும் கணினிப் பெட்டிக்குள் போய் நிற்கும். அதைத் தடுப்பதுதான் டயோடு. பெருவிரல் அளவு சின்னப் பெட்டி, இரண்டு முனை உள்ளே, ஒரு முனை வெளியே. பின்விளக்குக்குப் பக்கத்தில் அல்லது பின்பக்கத் தளவிரிப்புக்கு அடியில் இருக்கும். எங்கள் காரில் அந்த இடத்தில் இருந்தவை ஒயரைக் கிள்ளிப் பிடிக்கும் நீல நிற கிளிப்புகள் மட்டுமே. அந்தக் கிளிப் ஒயரின் உறையை வெட்டித்தான் தொடர்பு பிடிக்கும், செம்பு இழைகளையும் அறுத்துவிடலாம். ஈரம் ஏறிப் பச்சை பிடித்ததும் விளக்கு மினுக்கும், பிறகு அணைந்தே போகும். சுருங்கும் உறை போட்டு கிரிம்ப் செய்வது அல்லது சால்டர் செய்வதுதான் சரியான வேலை.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். பிளக்கை மாட்டி ஆர்.வி.யில் இடது இண்டிகேட்டரைப் போடுங்கள். காரின் டாஷ்போர்டில் எந்த அம்புக்குறியும் மினுக்கக் கூடாது. மல்டிமீட்டர் இருந்தால், டயோடைத் தாண்டி காரின் பக்கம் போகும் ஒயரில் வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் டயோடு இல்லை, அல்லது தலைகீழாக இணைத்திருக்கிறார்கள். காரின் ஒயரையே தொட வேண்டாம் என்று நினைப்பவர்கள் பின்விளக்கு உறைக்குள் தனி பல்பு வைக்கச் சொல்லலாம். உறைக்குள் இடம் இருந்தால் அதுதான் நிம்மதி.

பேட்டரிக்கு ஆர்.வி.யிலிருந்து சார்ஜ் லைன் போடச் சொன்னால், அதில் ஃபியூஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபியூஸ் பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நடுவில் எங்கோ வைத்தால், அதற்கு முன்னால் ஒயர் உரசித் தீப்பிடிப்பதை அது தடுக்காது. சார்ஜ் லைனே இல்லாவிட்டால், பிரேக் கருவி நாள் முழுவதும் பேட்டரியைத் தின்று, முகாம் போய்ச் சேர்ந்ததும் கார் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

பிரேக் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெரிய இன்ஜின் உள்ள மோட்டார்ஹோமில் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் காரின் பிரேக் உரசுவது தெரியவே தெரியாது. இன்ஜின் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். டிஸ்க் பழுத்து நீலமாகும், பேட் தேயும், பிரேக் ஆயில் கொதிக்கும், கடைசியில் டயர் பற்றும். இது இரண்டு காரணங்களால் வருகிறது. ஒன்று, கருவியின் உணர்திறனை அளவுக்கு மீறி ஏற்றிவைப்பது. இன்னொன்று, பெடல் மேல் உட்காரும் கருவியைப் பொருத்தும் முறை. இன்ஜினை அணைத்த பிறகும், பெடலை மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டரில் கொஞ்சம் வெற்றிடம் மிஞ்சியிருக்கும். பெடலைப் பலமுறை மிதித்து, அது கல் மாதிரி இறுகிய பிறகே கருவியை வைத்து அளவு பார்க்க வேண்டும். மிதிக்காமல் வைத்தால் அளவு தப்பும். ஓட்டுநர் முன்னால் ஒரு சிறு மானிட்டர் விளக்கு கட்டாயம் வேண்டும். காரில் பிரேக் அழுத்தும் ஒவ்வொரு முறையும் அது எரியும். எங்கள் காரின் மானிட்டர் பெட்டிக்குள்ளேயே பிரிக்காமல் கிடந்தது, பொருத்தியதற்கான கூலி மட்டும் பில்லில் ஏறியிருந்தது.

"சின்னக் காருக்கு எதற்குத் தனி பிரேக்?" என்று கேட்கும் பட்டறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பல மாநிலங்களில் இழுபடும் வண்டிக்கு 3,000 பவுண்டுக்கு மேல் பிரேக் வேண்டும். கலிஃபோர்னியாவில் வரம்பு 1,500 பவுண்டு. நாலு கதவு ராங்லர் 4,000 பவுண்டைத் தாண்டும்.

உயரம். தரையிலிருந்து ஆர்.வி. ஹிட்சின் நடுப்பகுதி வரையும், பேஸ் பிளேட்டின் இணைப்பு வரையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால், ஆர்.வி. சட்டென்று நிற்கும்போது காரின் தள்ளுவிசை நேராக வராமல் டோ பாரை மேலோ கீழோ மடக்கப் பார்க்கும். ஹிட்சில் செருகும், சரியான அளவில் இறக்கம் உள்ள டிராப் ரிசீவர் ஒன்று போட்டால் தீர்ந்தது. பேஸ் பிளேட் போல்ட்டுகளில் மரை தளராமல் பிடிக்கும் பசை போட்டார்களா, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சு வைத்து முறுக்கினார்களா என்று கேட்டு, முறுக்கிய அளவைப் பில்லில் எழுதி வாங்குங்கள். முதல் நீண்ட ஓட்டம் முடிந்ததும் மறுபடி சோதிக்க வேண்டும்.

இவையெல்லாம் அரைகுறை வேலை. அதைவிடப் பெரிய ஏமாற்று வேறொன்று இருக்கிறது: இழுக்கவே கூடாத காருக்குப் பேஸ் பிளேட் மாட்டித் தருவது. பேஸ் பிளேட் காரின் சட்டத்துக்குப் பொருந்தும் இரும்பு, அவ்வளவுதான். கியர்பாக்ஸ் என்ன வகை என்று அதற்குத் தெரியாது. 2014 முதல் 2023 வரை வந்த ஜீப் செரோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். "ஃபோர் வீல் டிரைவ் தானே, தாராளமாக இழுக்கலாம்" என்று விற்பவர் சொல்வார். அதில் ஆக்டிவ் டிரைவ் 2, ஆக்டிவ் டிரைவ் லாக் என்ற, தாழ்வேக கியர் உள்ள வகைகளுக்கு மட்டும்தான் சக்கரங்களைக் கியர்பாக்ஸிலிருந்து பிரிக்கும் நியூட்ரல் நிலை உண்டு. ஆக்டிவ் டிரைவ் 1 வகைக்குக் கிடையாது, அதுவும் ஃபோர் வீல் டிரைவ்தான். பார்த்தவுடன் தெரிந்துகொள்ள வழி: தரைவகை தேர்ந்தெடுக்கும் குமிழுக்குப் பக்கத்தில் "ஃபோர் வீல் டிரைவ் லோ" பொத்தானும், பேனா முனையால் அழுத்தும்படி உள்ளடங்கிய ஒரு நியூட்ரல் பொத்தானும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் காரை நாலு சக்கரத்தில் இழுக்க முடியாது.

காரணம் எளிது. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் எண்ணெயைச் சுற்ற வைக்கும் பம்ப் இன்ஜினால்தான் ஓடுகிறது. இன்ஜின் அணைந்திருக்க, சக்கரம் மட்டும் மைல் கணக்கில் சுழன்றால், உள்ளே உள்ள பாகங்கள் எண்ணெய் இல்லாமல் உரசிக் கருகும். கியர்பாக்ஸை நியூட்ரலில் போட்டாலும் இதுதான் கதி. ராங்லர் தப்பிப்பது, விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அதன் டிரான்ஸ்ஃபர் கேஸால். அதை நியூட்ரலில் வைத்தால் சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பே அறுந்துவிடும். ஆகவே கியரை ஆட்டோமேட்டிக்கில் பார்க்கிலும், மேனுவலில் ஏதாவது ஒரு கியரிலும் விட்டுவிட வேண்டும்.

ஹோண்டா சி.ஆர்.-வி. 2014 வரை இழுக்கலாம். 2015-இல் கியர்பாக்ஸ், கியர் படிகள் இல்லாத சி.வி.டி. வகை ஆனது, அதோடு அந்த வாய்ப்பு போயிற்று. "சி.ஆர்.-வி. எல்லாம் இழுக்கலாம்" என்ற பழைய பேச்சை நம்பிப் புதியது வாங்கிவிடாதீர்கள். டெஸ்லாவை நாலு சக்கரத்தில் உருட்டி இழுக்கக் கூடாது. டொயோட்டாவின் ஹைப்ரிட் கார்களும் கூடாது. காரின் கையேட்டில் "ரிக்ரியேஷனல் டோயிங்" என்ற பகுதியை எடுத்து, அந்த ஆண்டு, அந்த இன்ஜின், அந்த கியர்பாக்ஸுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். விற்பவரின் வாயில் வருவது எதுவும் அதற்கு ஈடாகாது. கியர்பாக்ஸ் கருகியபின் வாரண்டி கேட்டுப் போனால், அவர்களும் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுவார்கள்.

எடையிலும் ஒரு வியாபாரத் தந்திரம் நடக்கிறது. "10,000 பவுண்டு டோ பார் போட்டிருக்கிறோம், கவலை வேண்டாம்" என்பார்கள். சங்கிலியில் பலம் குறைந்த கண்ணிதான் கணக்கு. ஹிட்சில் ஒட்டியிருக்கும் வில்லையில் 5,000 என்று இருந்தால், உங்கள் வரம்பு 5,000-தான். நீட்டிப்புக் குழாய் போட்டால் அதுவும் குறையும். அதோடு ஆர்.வி.யும் காரும் சேர்ந்த மொத்த இணைப்பு எடை வரம்பையும் பார்க்க வேண்டும். ஃபோர்டு ஈ-450 அடிச்சட்டத்தில் கட்டிய வண்டி ஒன்றுக்கு அந்த வரம்பு 22,000 பவுண்டு, வண்டியின் சொந்த வரம்பு 14,500 பவுண்டு என்றால், முழுச் சுமையில் காருக்கு மிஞ்சுவது 7,500. வீட்டுச் சாமான் எல்லாம் ஏற்றி, தண்ணீர்த் தொட்டி நிரப்பி, லாரி நிறுத்த நிலையத்தில் உள்ள எடைமேடையில் ஏற்றி நிறுத்துப் பாருங்கள். காகிதக் கணக்கு பெரும்பாலும் பொய்த்துவிடும்.

வண்டியை எடுக்கும் அன்று, பணம் கட்டும் முன், பட்டறை ஆள் பக்கத்தில் நிற்க இதையெல்லாம் செய்யுங்கள். காரை இணைத்து, மெதுவாக நேராக ஓட்டி, டோ பாரின் இரண்டு கைகளும் பூட்டிக்கொள்வதைப் பாருங்கள். ஒருவர் வெளியே நின்று காரின் நாலு சக்கரமும் சுழல்கின்றனவா, திருப்பத்தில் முன்சக்கரம் திரும்புகிறதா என்று கவனிக்கட்டும். அவசர ஊசியைப் பிடுங்கி, பெடல் இறங்குவதைக் கண்ணால் பார்த்து, உடனே திரும்பச் செருகுங்கள். வழியில் முதல் நிறுத்தத்தில் டிஸ்க்கைத் தொடாமல் கையைக் கிட்டே கொண்டுபோங்கள், மலிவான வெப்பமானித் துப்பாக்கி இருந்தால் இன்னும் நல்லது. பிரேக்கே அடிக்காத சமவெளி ஓட்டத்துக்குப் பிறகு அனல் அடித்தால் கருவி உரசுகிறது. இணைப்போடு ரிவர்ஸ் போக வேண்டாம். முன்சக்கரம் எதிர்ப்பக்கம் மடங்கி டோ பாரின் கை வளையும், அதைப் பட்டறை தன் தலையில் ஏற்றிக்கொள்ளாது.

நல்ல பொருளும் கூலியும் சேர்ந்தால் 4,000 டாலரைச் சாதாரணமாகத் தொடும் வேலை இது. பணத்தைக் கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள். கலிஃபோர்னியாவில் கார் வேலைக்கு எழுத்து மூலம் மதிப்பீடு தந்து உங்கள் சம்மதம் பெற வேண்டும் என்பது சட்டம். வேறெங்கும் நீங்களே கேட்டு வாங்குங்கள், ஒவ்வொரு பாகமும் தனி வரியாக இருக்கட்டும். அந்தத் தனி வரிதான் பிறகு கைகொடுக்கும். ஏனென்றால் வேலையின் தரம் மோசம் என்று கார்டு நிறுவனத்திடம் முறையிடும் சட்ட உரிமைக்கு, கடை உங்கள் சொந்த மாநிலத்தில் அல்லது பில் முகவரியிலிருந்து 100 மைலுக்குள் இருக்க வேண்டும். சவுத் டகோட்டாவிலோ டெக்சஸிலோ முகவரி வைத்துக்கொண்டு ஒரிகனில் வேலை செய்துகொண்டவருக்கு அது எட்டாது, வங்கி விரும்பினால் அதைக் காட்டியே மறுக்கலாம். ஆனால் பில்லில் போட்ட பொருளைத் தராமல் இருப்பது பில்லிங் பிழைக் கணக்கில் வரும், அதற்கு மைல் வரம்பு கிடையாது. அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள், நிறுவனத்தின் புகார் முகவரிக்குக் கடிதமாகவே போய்ச்சேர வேண்டும். "வேலை சரியில்லை" என்று பொதுவாக எழுதாமல், "டயோடு தொகுதி, பில் வரி இது, தொகை இது, வண்டியில் இல்லை" என்று எழுதி, திறந்த பின்விளக்கின் படத்தையும் வேறொரு பட்டறை எழுதித் தந்த சோதனைச் சீட்டையும் சேர்த்து அனுப்புங்கள்.