வளரும் கண்ணுக்கான கண்புரை அறுவை: ஒரு குழந்தைகள் பிரிவு குறித்த மதிப்பீடு

எங்கள் மகளுக்கு மூன்று வயதில் வலக்கண்ணில் கண்புரை இருப்பது தெரியவந்து, ஒரு கண் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் அறுவை சிகிச்சை செய்து ஓராண்டு ஆகிறது. பெரியவர்களுக்குச் செய்வதையே சிறிய அளவில் செய்வார்கள் என்று எண்ணித்தான் சென்றேன்.

முதல் நாளே மருத்துவர் ஒரு தாளில் இரண்டு வட்டங்களை வரைந்தார். பிறக்கும்போது ஏறத்தாழ 17 மி.மீ. நீளமுள்ள விழி வளர்ந்தபின் 23 மி.மீ.க்கு மேல் நீளும் என்றும், புரையை எடுத்த இடத்தில் இன்றைய அளவுக்குச் சரியாகச் செயற்கை லென்ஸ் வைத்தால் பிள்ளை வளர வளரக் கிட்டப்பார்வை ஏறிக்கொண்டே போகும் என்றும், அதனால் பவரைத் தெரிந்தே குறைத்து வைத்து மீதியைக் கண்ணாடியால் ஈடுசெய்வார்கள் என்றும் பொறுமையாக விளக்கினார். அறுவைக்குப்பின் பிளஸ் 4 கண்ணாடி கொடுத்தபோது உறவினர்கள் பதறினார்கள், நாங்கள் பதறவில்லை.

அறுவையின் நுட்பத்தையும் மறைக்காமல் சொன்னார்கள். குழந்தையின் புரை மென்மையானது, உறிஞ்சியே எடுத்துவிடலாம். ஆனால் கண்ணின் இயற்கை லென்ஸைச் சுற்றியுள்ள உறை ரப்பரைப்போல் இழுபடுவதால் அதை வட்டமாகத் திறப்பதற்குத் தேர்ந்த கை வேண்டும். அந்த உறையின் பின்பக்கமான பின்னுறையை அப்படியே விட்டால் அது மீண்டும் மங்கிவிடும். பெரியவர்களுக்கு அதை லேசரால் சரிசெய்யலாம், மூன்று வயதுப் பிள்ளை கருவியில் தாடையை வைத்து அசையாமல் இருக்குமா? ஆகவே அதே அமர்வில் பின்னுறையிலும் ஒரு திறப்பு செய்து, அதையொட்டி விழிக்குள் நிறைந்திருக்கும் விட்ரியஸ் என்ற கூழையும் சிறிது அகற்றினார்கள். விழிச்சுவர் இளசாக இருப்பதால் சிறு கீறலுக்கும் கரையும் நூலால் தையல் போட்டார்கள். விழி நீளத்தைக்கூட மயக்கத்தில்தான் அளந்தார்கள். பட்டினியோடு வந்த குழந்தையைக் காலையில் முதல் ஆளாக உள்ளே அழைத்துக்கொண்டதை நன்றியோடு நினைக்கிறேன்.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. புரை மறைத்திருந்த கண்ணைப் பார்க்கப் பழக்க, நல்ல கண்ணை ஒட்டுத்துணியால் மூட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் அறுவை நன்றாக நடந்தும் பார்வை தேறாது. இவ்வளவு முக்கியமானதற்கு வீடு திரும்பும்போது கிடைத்தது 'தினமும் மூடவும்' என்ற ஒரே வரி. எத்தனை மணி நேரம், பிள்ளை பிய்த்தெறிந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் மூன்றாவது வருகையில், நாங்களே கேட்ட பிறகுதான் தெரிந்தது. கதைப்புத்தகம் பார்க்கும் நேரத்தில் ஒட்டுங்கள் என்று அன்று பார்வைப் பரிசோதகர் சொன்ன யோசனைதான் வீட்டில் அழுகையை நிறுத்தியது.

சென்ற மாதம் இடக்கண்ணை மூடிக்கொண்டு, பட அட்டையின் நான்காம் வரிசையில் இருந்த வீட்டையும் ஆப்பிளையும் சரியாகச் சொன்னாள். பிற்காலத்தில் கண்ணழுத்தம் உயரக்கூடும் என்பதால் ஒவ்வொரு முறையும் அதையும் அளக்கிறார்கள். இங்கே செல்பவர்கள் வீடு திரும்பும் நாளன்றே ஒட்டுத்துணியின் கால அளவைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.