செமஸ்டர் பதற்றத்துக்கு மூச்சா, திட்டமா?

தேர்வு நெருங்கும்போது வரும் படபடப்பைச் சமாளிக்க இப்போது அதிகம் அடிபடுபவை இரண்டு: மூச்சில் கவனம் வைத்து உட்காரும் மைண்ட்ஃபுல்னெஸ், அப்புறம் தன் படிப்பைத் தானே திட்டமிட்டு, கண்காணித்து, திருத்திக்கொள்ளும் சுய ஒழுங்கு.

ஆதாரம் என்று பார்த்தால் முதலாவதன் கை ஓங்கியிருப்பது போலத்தான் தெரியும். 1979இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஸின் மருத்துவமனை நோயாளிகளுக்காகத் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி இன்று கல்லூரிகள் வரை வந்துவிட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 616 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். தேர்வு நேரத்தில் மன உளைச்சல் கவலைக்குரிய அளவைத் தாண்டியவர்கள் பயிற்சி பெற்றவர்களில் 37 சதவீதம், பெறாதவர்களில் 57. பெரிய வித்தியாசம்தான், ஆனால் பெறாதவர்களுக்குக் கிடைத்தது வழக்கமான உதவிகள் மட்டுமே. எதிரே வேறொரு பயிற்சியை நிறுத்தி மோதவிடவில்லையே!

சுய ஒழுங்கில் எனக்குப் பிடித்தது, உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த 'இது நடந்தால் இதைச் செய்வேன்' முறை. "நாளையிலிருந்து ஒழுங்காப் படிக்கணும்" என்பது வெறும் ஆசை. "மெஸ்ஸில் சாப்பிட்டுத் திரும்பியதும் போனை ரூம்மேட்டிடம் கொடுத்துவிட்டு மூன்றாவது யூனிட்டின் முதல் கணக்கைப் போடுவேன்" என்பது திட்டம். செயலி வேண்டாம், சந்தா வேண்டாம். நாலு கலர் ஸ்கெட்ச் பேனாவில் போட்டுச் சுவரில் ஒட்டும் டைம்டேபிளை இதோடு சேர்க்காதீர்கள், அது பெரும்பாலும் படிக்காமல் இருக்க ஒரு சாக்கு.

நாலு அரியர் வைத்திருப்பவர் கண்ணை மூடினால் மூச்சா தெரியும்? வேலை மிச்சமிருப்பதால் வரும் பதற்றத்துக்குத் திட்டம்தான் முதலில். வைவா வாசலில் நிற்கும்போது, ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும்போது, இனி நம் கையில் ஒன்றுமில்லை என்ற நிலையில், மூச்சுதான் கைகொடுக்கும். நடுவில் ஒரு இடம் இருக்கிறது: புத்தகத்தைத் திறந்ததும் ஒரு எரிச்சல் வருமே, அதிலிருந்து தப்பிக்கத்தான் பாதிப் பேர் ரீல்ஸுக்கு ஓடுகிறோம், சோம்பலால் அல்ல. அந்த எரிச்சலைக் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருக்கப் பழகியவருக்குத் திட்டமும் நிற்கும்.

வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் இந்த இரண்டையும் ஓரமாக வையுங்கள். கவுன்சிலரைப் பாருங்கள், இல்லையா, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.