கோனான் 2 (சி, சி++ நிரல்களுக்கான பேக்கேஜ் மேனேஜர்): கட்டுவது லேப்டாப்பில், ஓடுவது வயலில்

திருவையாறு பக்கம் எங்கள் வயல் மோட்டாரை ஓட்டுவது ஒரு பழைய ராஸ்பெர்ரி பை 2 என்ற குட்டிக் கணினி, 32 பிட் ஆர்ம் சிப். நிரலைக் கட்டுவதோ என் இன்டெல் லேப்டாப்பில். முன்பு நானே எழுதிய மேக்ஃபைலில் (கட்டும் கட்டளைகள் உள்ள கோப்பு) ஆர்க்கிடெக்சர், அதாவது சிப் வகை, மாறியை மாற்றினால், கட்டும்போதே லேப்டாப்பில் ஓட வேண்டிய புரோட்டோபஃப் கம்பைலரும் சேர்ந்து ஆர்முக்குப் போய்விடும், லேப்டாப்பில் ஓட மறுத்து 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்று விழும், குறுவைக்கு நாற்று விட்ட வாரத்தில் இரண்டு ராத்திரி தூக்கம் போச்சு.

கோனானில் பில்டுக்கு, அதாவது கட்டும் லேப்டாப்புக்கு, ஒரு புரொஃபைல் (அமைப்புக் கோப்பு); ஹோஸ்டுக்கு, அதாவது நிரல் ஓடப்போகும் பைக்கு, ஒரு புரொஃபைல். சார்ந்திருக்கும் லைப்ரரிகள் எல்லாம், அவற்றின் லைப்ரரிகளும்கூட, ஹோஸ்ட் மதிப்பை எடுத்துக்கொள்ளும். டூல் ரிக்கொயர்ஸில் (கட்டும்போது ஓட வேண்டிய கருவிகளின் பட்டியல்) போட்டவையும் அவற்றின் லைப்ரரிகளும் மட்டும் பில்ட் மதிப்பை. கட்டிய ஒவ்வொன்றுக்கும் கோனான் தரும் அடையாளமான பேக்கேஜ் ஐடியிலேயே ஆர்க்கிடெக்சரும் சேர்வதால், கட்டியவற்றைச் சேமிக்கும் கேஷில் இரண்டும் கலக்காது, அப்பாடா!

ஒரு எரிச்சல்: கம்பைல் செய்ய எதுவுமில்லாத வெறும் ஹெடர் பேக்கேஜுக்கும், ரெசிபியில் (பேக்கேஜைக் கட்டும் விதம் சொல்லும் கோப்பு) இன்ஃபோவை, அதாவது ஐடிக்குள் போகும் விவரங்களை, கிளியர் செய்ய மறந்தால், ஒவ்வொரு ஆர்க்கிடெக்சருக்கும் தனித்தனியாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நாலு நட்சத்திரம்.